செக்கிங் டேபிளில் தொடங்கும் கோபம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் கோபம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் செக்கிங் டேபிளைத்தான் காட்ட வேண்டும். செக்கிங் அக்கா ஒரு டி-ஷர்ட்டின் பக்கத் தையலை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். தையல் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை. அடுத்த பீஸிலும் அதே. 20 பீஸ் பண்டிலில் ஏழெட்டு அப்படி. சூப்பர்வைசருக்குத் தகவல் போகிறது. அவர் நேராக, துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லரிடம் வந்து, "கண்ணத் தொறந்துதான் தெக்கிறியா?" என்கிறார். லைன், அதாவது மெஷின் வரிசை, முழுக்கத் தலை நிமிர்கிறது.

அந்த ஓட்டைக்கு டெய்லரின் கண் காரணமாக இருப்பது அபூர்வம். பின்னலாடைத் துணியில் ஊசி நூலிழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முனை மழுங்கினாலோ வளைந்தாலோ இழையை அறுத்துவிடும். அறுந்த இடம் துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். ஊசி புதிதாக இருந்தும் ஓட்டை விழுகிறதா? துணிக்குத் தடித்த ஊசியாக இருக்கலாம். இல்லையென்றால் சாயப்பட்டறையிலோ, துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் காம்பேக்டிங்கிலோ, துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் சரியாக ஏறாமல் துணி வறட்டுத் துணியாக வந்திருக்கலாம். தப்பு நடந்த இடம் நாலு கிலோமீட்டர் தள்ளி, திட்டு விழுந்தது இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் மேல்.

வேலையிடக் கோபத்தின் குணமே இதுதான். காரணத்தைத் தேடிப் போகாமல் கைக்கு எட்டிய ஆளைப் பிடிக்கும். ஆர்டர் கொடுக்கும் பையர், அந்த ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை நெருக்குகிறார், மெர்ச்சண்டைசர் மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் டெய்லரை, டெய்லர் பக்கத்தில் உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண்ணை. அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அடிக்கிறாள். ஒவ்வொரு படியிலும் கோபம் இறங்குவது திருப்பிப் பேச முடியாதவர் மேல்தான். "எனக்குக் கோபத்த அடக்கவே முடியாதுங்க" என்று சொல்கிற அதே சூப்பர்வைசர், ஓனர் வந்து திட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அப்படியென்றால் அவருக்கு அடக்க முடிகிறது. அடக்க வேண்டிய இடம் என்று டெய்லரின் ஸ்டூலை அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஆகவே முதல் வேலை, ஆளைப் பார்க்கும் முன் பீஸைப் பார்ப்பது. மெஷினை நிறுத்தி, முனை உருண்ட புது பால் பாயிண்ட் ஊசி மாட்டி, 5 பீஸ் ஓட்டி, தையலை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை நின்றுவிட்டதா, பழைய ஊசிதான் காரணம். நிற்கவில்லையா, 11 நம்பர் ஊசி இருந்த இடத்தில் 9 போட்டு இன்னொரு 5 பீஸ். அதிலும் விழுந்தால் வேறு ரோல் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு, துணியோடு மேலே பேச வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும், உடம்பின் சூடும் தானாக இறங்கும்.

உடம்பைச் சொன்னேன், அதையும் விளக்க வேண்டும். கோபம் வந்தவுடன் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, பார்வையும் யோசனையும் குறுகிப் போகின்றன. சிலருக்குக் காது சுடும், சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் குரல் ஏறும். தனக்கு முதலில் வருவது எது என்று ஒருவர் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. அது வந்ததும் மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஒரு மூச்சுக்குப் 10 நொடி, பத்து மூச்சுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதயத் துடிப்பு தணிவது மூச்சை விடும்போதுதான், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். பலர் இதைத் தப்பாகச் செய்கிறார்கள். மடமடவென்று பெரிய மூச்சாக இழுத்தால் தலைதான் சுற்றும். எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டால் அவருக்கு அது சலித்துக்கொள்வது போலத் தெரியும். நூல் ரேக் பக்கமோ தண்ணீர் கேன் பக்கமோ போய்ச் செய்யுங்கள்.

தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் பவர் டேபிளின் சத்தத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அத்தனை மெஷின் ஓடும்போது சாதாரணமாகப் பேசினால் கேட்காது, கத்தித்தான் ஆக வேண்டும். கத்தியதும் சொல்பவரின் உடம்பு அதைச் சண்டை என்று எடுத்துக்கொள்கிறது, கேட்பவரின் உடம்பும் அப்படித்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும்போது வார்த்தை போய்ச் சேராது, சத்தம் மட்டும் போய்ச் சேரும். கிட்டே போங்கள். மெஷினுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், தலைக்கு மேல் நிற்காதீர்கள். பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லிவிட்டு, குனிந்து காதுக்கு நேராகப் பேசுங்கள். கையில் பீஸ் இருக்கட்டும், ஓட்டையை விரலால் காட்டுங்கள். "இந்த பண்டில்ல எட்டு பீஸ்ல ஓட்ட இருக்குதுங்க. ஊசி எப்ப மாத்துனீங்க?" இவ்வளவு போதும். "எப்பப் பாத்தாலும்", "எத்தன தடவ சொல்றது", ஊர்ப் பேர், வீட்டுப் பேச்சு, இவை வாயில் வந்தால் ஓட்டையின் பேச்சு முடிந்து மானத்தின் பேச்சு தொடங்கிவிடும். மறுநாள் அந்த டெய்லர் எதிர் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்.

நேரமும் பார்க்க வேண்டும். 11 மணி டீக்கு முன்பும், சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணியும், தொடர்ந்து மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடிய பிறகும் எந்தக் குறையும் இரண்டு மடங்காகத் தெரியும். ஆபத்தில்லாத புகார் என்றால் டீ குடித்த பிறகு எடுங்கள்.

"மனசுல வெச்சுக்கக் கூடாது, கொட்டித் தீத்துரணும்" என்று சொல்வார்கள். இது தப்பான யோசனை. பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 600 கல்லூரி மாணவர்களைக் கோபப்படுத்தினார்கள். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்து மூட்டையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. பேக்கரி வாசலில் நாலு பேரிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் மூட்டையைக் குத்துவது மாதிரிதான். ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவை, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பதற்காகச் சொல்லுங்கள்.

திட்டு வாங்கியவருக்கு மன்னிப்பது இன்னும் கடினம். எவரெட் வொர்திங்டன் என்ற உளவியல் பேராசிரியர் வாழ்நாள் முழுக்க மன்னிப்பை ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டையொட்டி அவருடைய அம்மா வீடு புகுந்தவனால் கொல்லப்பட்டார். ஆராய்ந்ததையெல்லாம் அவரே செய்து பார்க்க வேண்டி வந்தது. மன்னிப்பு இரண்டு வகை என்கிறார் அவர். பழிவாங்க மாட்டேன், மனிதராகவே நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று. மனசில் உள்ள கசப்பு கரைவது இன்னொன்று. முதலாவதை இன்றைக்கே செய்யலாம், இரண்டாவது மெதுவாகத்தான் வரும். கசப்பு இன்னும் இருக்கிறதே, நான் மன்னிக்கவே இல்லையோ என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

அவர் வகுத்த ஐந்து படிகளை ஒரு வெள்ளைத் தாளில் இருபது நிமிடத்தில் செய்யலாம். நடந்ததை, கேமராவில் பதிந்த மாதிரி எழுதுங்கள். "திமிராகப் பேசினார்" என்பதை அடித்துவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அடுத்து அவர் பக்கம்: அன்றைக்கு ஷிப்மென்ட் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது, அவரை யார் திட்டியிருந்தார்கள்? இது அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வது ஆகாது. மூன்றாவது, உங்களை யாரோ மன்னித்த ஒரு தருணம். நான்காவது, "இந்தத் தேதியிலிருந்து இதை விடுகிறேன்" என்று ஒரு வரி. ஐந்தாவது, கசப்பு திரும்பி வரும்போது அந்த வரியை எடுத்துப் படிப்பது.

தாளை அவரிடம் காட்டாதீர்கள். தான் தப்பே செய்யவில்லை என்று நினைக்கிறவரிடம் "உங்கள மன்னிச்சுட்டேன்" என்றால் அங்கே புதுச் சண்டை ஆரம்பிக்கும். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு: "அண்ணா, ஊசி மாத்தாதது என் தப்புதான். ஆனா எல்லாத்து முன்னாடியும் அப்படிக் கேட்டது சங்கடமாப் போச்சு. இனிமே தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க." இதை மறுநாள் காலை மெஷின் ஓடும் முன் சொன்னால் எடுபடும். சனிக்கிழமை சம்பள நேரத்தில் சொன்னால் பணப் பேச்சாக மாறிவிடும்.

திட்டியவர் வருத்தம் தெரிவிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. லைன் முன்னால் திட்டியிருந்தால் லைன் முன்னால்தான் சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடாது. "ஸாரி, ஆனா நீயும்" என்ற வாக்கியத்தில் "ஆனா" வந்ததுமே ஸாரி செத்துப் போகிறது. கேபினுக்குக் கூப்பிட்டு இருவரையும் கை குலுக்க வைக்கும் மேனேஜர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது மூடிய புண், உள்ளே சீழ் இருக்கும்.

எல்லாவற்றையும் மன்னிப்புக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. கை ஓங்குவது, சாதி சொல்லித் திட்டுவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, பெண்களிடம் அத்துமீறுவது இவற்றில் "விட்டுக் கொடுத்துப் போம்மா" என்று சொல்பவர் குற்றத்துக்குத் துணை போகிறார். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அதைவிடச் சிறிய யூனிட் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மனசுக்குள் மன்னிக்கிறாரா இல்லையா என்பது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். புகார் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

மற்றபடி, ஊசி மாற்றிய தேதியும் நேரமும் எழுத ஒரு 40 பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு மெஷினிலும் கட்டித் தொங்க விடுங்கள். அடுத்த தடவை ஓட்டை விழுந்தால் இருவரும் சேர்ந்து அந்த நோட்டைப் பார்க்கலாம்.