உறைந்த தேன்

ஊருக்குப் போய்ச் சித்திரை வருடப்பிறப்பை முடித்துக்கொண்டு நியூசிலாந்துக்குத் திரும்பிய அன்று என்னை வரவேற்றது ஒரு குப்பைத்தொட்டி. பெட்டியின் நடுவில், இரண்டு சாரத்தில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் போட்டு அம்மா கட்டித் தந்த தேன் போத்தல் இருந்தது. பழைய சாராயப் போத்தல்தான். தக்கையை இறுக்கி, வாயில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றியிருந்தார். விமானத்தில் தந்த படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன். மறைத்துப் பிடிபட்டால் 400 டொலர் தண்டம். சொன்னால் தண்டமும் இல்லை, தேனும் இல்லை.

கையுறை போட்ட இளம் பெண் அதிகாரி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“வீட்டில் செய்ததா?”

“இல்லை, காட்டில் எடுத்தது.”

அந்தப் பதில் எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார், நல்ல பெண்தான். சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் போட்டார். மூடி விழுந்த சத்தத்தோடு மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பிலிருந்து வந்தவனின் தேன் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அழைப்பு. “தேன் உடையாமல் வந்ததா மனே?”

“வந்தது அம்மா.”

ஒரே ஒரு சொல். இந்தக் கதையில் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நான் இருப்பது ஹமில்டனில். ஊரெல்லாம் வெயிலில் வேகும் ஆடி மாதத்தில் இங்கே புல்லில் உறைபனி கிடக்கும். வீட்டுக்குள்ளும் குளிர், வெளியிலும் குளிர்; சுவர் என்பது கௌரவத்துக்குத்தான். இரண்டாவது குளிர்காலம் என்பதால் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இருமல் வந்தது. எங்கள் ஊர் களுதாவளையில் இருந்திருந்தால் பெத்தா, அதாவது என் பாட்டி, வேர்க்கொம்பையும் (சுக்கு) மிளகையும் இடித்துத் தேனில் குழைத்து, உள்ளங்கையில் வைத்து நக்கச் சொல்லியிருப்பார். பிறகு மல்லித்தண்ணி. மூன்றாம் நாள் இருமல் தானாகவே போயிருக்கும்.

நான் வேலை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் இந்த நாட்டின் பூர்வகுடியான மவோரி இனத்து வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை ‘ஃபையா’ என்று அழைப்பார்கள். தாய்க்கும் மாமிக்கும் மூத்த பெண்களுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தானாம். என் இருமலை இரண்டு நாள் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பை நிறைய இலை கொண்டுவந்தார். பையைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. வெற்றிலை!

வெற்றிலை இல்லை, கவகவா. ஆனால் முகச்சாடை அப்படியே இருந்தது. மிளகு, வெற்றிலை, கவகவா மூன்றும் ஒரே குடும்பம் என்று பிறகு படித்தேன். கடித்துப் பார்த்தால் மெல்லிய காரம், நாக்கு லேசாக மரக்கும். ஒரே குறை, இலையெல்லாம் பூச்சி தின்ற ஓட்டை. எங்கள் ஊர் வெற்றிலைத் தோட்டத்தில் இப்படி ஓர் இலை இருந்தால் கட்டுக்குள்ளே போகாது. பெத்தா அதை வட்டாவில் வைத்தால் வந்த சனம் எழும்பிப் போய்விடும். “எல்லாம் ஓட்டையாக இருக்கிறதே” என்றேன். ஓட்டை இலைதான் மருந்து, புழுவுக்கு எது நல்லது என்று தெரியும் என்றார் ஃபையா. ஒரு மரத்தில் கொஞ்சம்தான் பறிக்க வேண்டும், பறிக்கும் முன் மரத்திடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். பொழுதுபட்டால் துளசியில் கை வைக்க விடாத பெத்தாவும் இவரும் ஒரே திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டிருக்க வேண்டியவர்கள்.

இலையை அவித்துக் குடிக்கலாம். ஃபையாவின் வீட்டில் அதை வினாகிரியில் ஊறவைத்துத் தேன் கலப்பார்கள். ஒக்சிமெல் என்று பெயர். கிரேக்கச் சொல், ‘ஒக்சோஸ்’ வினாகிரி, ‘மெலி’ தேன். பழங்கால கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே இது இருக்கிறதாம். காத்தான்குடி நண்பனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். “மச்சான், அது சிகஞ்சபீன். யூனானி வைத்தியத்தில் கேட்டுப் பார்.” எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடப் பஸ் பயணத்தில் இருந்த மருந்தைத் தேடி நான் பூமியின் அடிவாரத்துக்கு வந்திருக்கிறேன்.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. கண்ணாடிப் போத்தலில் இலையைக் கிழித்துப் போட்டு, இஞ்சி ஒரு துண்டும் பத்து மிளகும் தட்டிச் சேர்த்து, எல்லாம் மூழ்கும்வரை அப்பிள் வினாகிரி ஊற்ற வேண்டும். இருட்டான அலுமாரியில் மூன்று வாரம் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்கி, வடித்து, வினாகிரி அளவுக்குத் தேன் கலந்தால் முடிந்தது. ஒரு மேசைக்கரண்டியை வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம். முதல் தடவை நான் தகர மூடியை அப்படியே இறுக்கிவிட்டேன். வினாகிரியின் புளிப்பு தகரத்தைத் தின்று, மூன்று வாரத்தில் மூடி துருப்பிடித்து, மருந்து ஆணி ஊறிய தண்ணீரைப் போல மணத்தது. முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாம் தடவை வாய்க்கும் மூடிக்கும் இடையில் எண்ணெய்த்தாள் வைத்தேன். இதற்குள் இருமல் தானாகவே போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேன்தான் பிரச்சினை. இந்த நாட்டில் தேனுக்குப் பரீட்சைப் புள்ளி போடுகிறார்கள். மனுக்கா என்ற செடியின் பூவிலிருந்து வரும் மனுக்காத் தேன் என்றால் போத்தலில் 5, 10, 15 என்று எண் இருக்கும். எண் கூடக்கூட விலையும் கூடும். ஒருகாலத்தில் விலைபோகாமல் கிடந்த தேன் அது. 1980களில் இதே ஹமில்டனில், வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீற்றர் மோலன் என்பவர் அதன் கிருமிகொல்லும் குணத்தை ஆராய்ந்த பிறகுதான் மதிப்பு வந்தது. இந்த நாட்டுத் தேனீயும் என்னைப் போல வந்தேறிதான். 1839இல் மேரி பம்பி என்ற பெண் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கூடையோடு கொண்டுவந்தார். 2000ஆம் ஆண்டில் வரோவா என்ற உண்ணி ஒக்லாந்தில் பிடிபட்டபோது தேன் வளர்ப்பவர்கள் தலையில் கைவைத்தார்கள். அந்த உண்ணி ஆதியில் ஒட்டியிருந்தது ஆசியத் தேனீயில், அதாவது நம் பொந்துத் தேனீயில். இதைப் படித்த அன்று அந்த அதிகாரிமேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

மனுக்காவுக்குக் கட்டுப்படியாகாமல், குளோவர் என்ற மேய்ச்சல் செடியின் பூத்தேன் வாங்கினேன். அது ஒழுகாது. வெள்ளையாக, இறுக்கமாக, கத்தியால் வெட்டிப் பாணில் பூசும் பதத்தில் நிற்கும். வேண்டுமென்றே அப்படிக் கடைந்து விற்கிறார்கள். குளிரில் எந்தத் தேனும் உறையக்கூடியதுதான். தேனில் இருக்கும் குளுக்கோஸ் மணிமணியாகத் திரள்கிறது, கலப்படம் எதுவும் இல்லை. இதையெல்லாம் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை.

அன்று வடித்த வினாகிரியில் தேனைக் கரைத்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் அம்மா வந்தார்.

“என்ன மனே செய்கிறாய்?”

“வினாகிரியில் தேன் கலக்கிறேன். மருந்து.”

“அச்சாறையா குடிக்கப் போகிறாய்?” சிரித்தார். பிறகு முகம் திரைக்குக் கிட்ட வந்தது. “கரண்டியில் என்ன, மாஜரினா?”

“தேன் அம்மா.”

“நான் தந்துவிட்ட தேனா?”

இந்த இடத்தில் ஒரு நல்ல மகன் உண்மையைச் சொல்லியிருப்பான். “ஓம் அம்மா, குளிருக்கு உறைந்துவிட்டது” என்றேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சீனிப்பாகு” என்றார். “சீனிப்பாகு கலந்துதான் விற்றிருக்கிறான்.”

தேன்கார மாமாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து, பட்டிருப்புப் பாலம் தாண்டி, சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். வாசலில் மணி அடிக்க மாட்டார், இருமுவார். பெத்தா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் அதில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார். சொட்டு கலையாமல் அடியில் போய் உட்காரும். பெத்தா இறந்த பிறகும், கேட்காமலே தண்ணீர்ச் செம்பை வாங்கி அந்தச் சொட்டை விட்டுக் காட்டித்தான் போத்தலைத் தருவார். அந்த மனிதரை அம்மா வாசலில் வைத்தே ஏசிவிட்டாராம். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாராம். இதை அம்மா எனக்கு வெற்றிச் செய்தியாகச் சொன்னார். அன்றிரவு மருந்து தொண்டையில் இறங்கவில்லை.

நேற்று மறுபடி அழைப்பு. இரண்டு வாரம் கழித்துத் தேன்கார மாமா வந்தாராம். இரண்டு போத்தல். செம்பில் சொட்டு விட்டுக் காட்டினாராம். காசு வாங்க மறுத்துவிட்டாராம். அடுத்த மாதம் செட்டிபாளையத்திலிருந்து ஹமில்டனுக்கு வருகிற பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்தாயிற்று.

“உன் கைக்கு வந்ததும் வீடியோவில் எடு மனே” என்றார் அம்மா. “தேன்கார அண்ணனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவைக்கிறேன். நீ உடைத்து ஊற்றுவதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.”

சரி அம்மா என்றேன்.