சேவைக்குப் பாதிப்பில்லை

"இவர் விடுமுறையில் செல்வதால் இவ்வலுவலகத்தின் சேவைகளுக்குப் பாதிப்பு ஏற்படாது." 2022 நடுப்பகுதியிலிருந்து இந்த வசனத்தைப் பல லீவுக் கோவைகளில் எழுதியிருக்கிறேன். இலங்கையின் பிரதேச செயலகங்களில், ஊழியர் விவகாரம் பார்க்கும் தாபனக் கிளையில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். ஒப்பம் வைப்பது பிரதேச செயலாளர் என்றாலும் குறிப்பை எழுதுவது நிருவாக உத்தியோகத்தர்தான். அந்தக் கதிரையில் அப்போது நான் இருந்தேன்.

அந்தக் கோவைகளில் ஒன்றுக்குரிய பிள்ளை எங்கள் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2023 தை மாதம் சம்பளமற்ற லீவுக்கு விண்ணப்பம் தந்தார், இங்கிலாந்தில் கெயார் வேலை, வயோதிபரைப் பராமரிப்பது. தட்டச்சு செய்த குறிப்பைத் தன்னுடைய அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பார்க்கத்தான் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார்.

"அப்ப சேர், நான் இருந்தாலும் ஒண்டு, இல்லாட்டிலும் ஒண்டோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "அப்பிடி எழுதினாத்தான் பிள்ளை விடுவாங்கள்" என்றேன். "தெரியும் சேர், சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு, இலக்கம் சரி என்று கோவையைத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதே உறைத்தது.

விதிப்படி பார்த்தால் நான் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. 2022 ஆனியில் வந்த 14/2022 அரச நிருவாகச் சுற்றறிக்கையின் நோக்கமே ஆட்களை அனுப்புவதுதான். ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமில்லை. வெளிநாடு போனால் டொலர் அனுப்ப வேண்டும். பதினைந்து லட்சம் அளவில் அரச ஊழியரை வைத்துக்கொண்டு, வாங்கிய கடனைக் கட்டமுடியாது என்று சித்திரை மாதமே கைவிரித்த அரசு வேறென்ன செய்யும்? அதே ஆனியில்தான் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வராமல் வீட்டில் மரக்கறி நடுங்கள் என்றும் எங்களுக்கு லீவு தந்தார்கள். மேலிடமே நீங்கள் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒருத்தரைத் தேவை என்று எழுதியிருந்தால் அதை யார் மதித்திருப்பார்கள்? மதித்திருந்தால் இன்னும் மோசம். லீவு மறுக்கப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளை ஏஜென்சிக்கு அதற்கு முதலே காசு கட்டியாகிவிட்டது. தாயின் பெயரிலிருந்த இரண்டு பரப்புத் தோட்டக்காணியும் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளும் அதற்குள் போயிருந்தன. வேலை விசாவுக்கு அங்குள்ள முதலாளி தரும் ஸ்பொன்சர் சான்றை விற்கக்கூடாது என்பது இங்கிலாந்து விதி. இங்கே அதைக் காசுக்கு வாங்காமல் போனவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆகவே எழுதியது சரி. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அது பொய். அந்த அலுவலகத்தில் யாருடைய கதிரை வெறுமையானால் தெரியும், யாருடையது தெரியாது என்பது என்னைவிட வேறு எவருக்கும் நன்றாகத் தெரியாது. வரவு இடாப்பு என்னிடம்தான் இருந்தது. காலையில் ஒப்பமிட்டுவிட்டுப் பத்திரிகையை மரண அறிவித்தல் வரை வாசிப்பவர்களும் இருந்தார்கள் (அவர்களில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்). இந்தப் பிள்ளை அப்போது அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான கணக்கெடுப்பில் நின்றார். கிராம அலுவலர்கள் பல இடங்களில் அந்த வேலையிலிருந்து விலகி நிற்க, பாரம் அபிவிருத்தி உத்தியோகத்தர்களின் தலையில் விழுந்திருந்தது. பெற்றோல் கியூஆர் அட்டைக்கு அளந்து கிடைத்த காலம். ஸ்கூட்டியை வைத்துவிட்டுச் சைக்கிளில் போய் வீடு வீடாகப் பதிந்தார். எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார், எந்தக் கிழவிக்கு அடையாள அட்டை துலைந்துபோனது, யாருடைய பிள்ளை கனடாவில் இருந்தும் ஒரு சதம் அனுப்புவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனதில் இருந்தது. படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பங்குனியில் போனார். ஆனியில் அஸ்வெசும பட்டியல் வந்தது. மேன்முறையீட்டுக்கு வந்த சனம் படிக்கட்டு வரை நின்றது. "அந்தச் சைக்கிள் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, அவவுக்கு எங்கட வீடு தெரியும்" என்று ஒரு அம்மா பிடிவாதமாக நின்றா. லண்டன் போய்விட்டா என்று சொல்ல, "ஆர் விட்டது?" என்று கேட்டா. முகாமைத்துவ உதவியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு பதிலாள் கேட்டு எழுதினோம். மேலிடத்திலிருந்து வந்த பதிலில் எங்கள் கடிதத்தின் திகதியும் இலக்கமும் போட்டு, சேவைக்குப் பாதிப்பு ஏற்படாது எனத் தாங்களே உறுதிப்படுத்தியுள்ளீர்கள் என்று இருந்தது. கோபம் வந்தது. யாரில் கோபிப்பது?

இதில் என்னைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சி வரை போய்த் திரும்பி வந்தவன் நான். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பாரிஸிலும் ரொறன்ரோவிலும். நான் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அவர்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள், இப்போது போகிறவர்கள் சம்பளம் காணாமல் போகிறார்கள் என்று நானும் கந்தோரில் கதைத்திருக்கிறேன். ஆனால் 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்குப் போனபோது, பால்மா அரிதாகிப்போனபோது, எங்கள் வீட்டில் சட்டி காயாமல் இருந்ததற்குக் காரணம் என் சம்பளமல்ல. ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அனுப்பியது. ஒருவர் போனதால்தான் இன்னொருவர் இருக்கமுடிந்தது. அந்தப் பிள்ளைக்கு வெளியில் அண்ணன் இல்லை. கைக்கு வருவது ஐம்பதாயிரத்துக்குள், இரண்டு பிள்ளைகள், கணவருக்கு நிரந்தர வேலையில்லை. நான் போகாமல் இருந்ததை வைத்து அவரை என்னோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

இடைக்கிடை வட்ஸ்அப்பில் கதைப்பார். வயோதிபரின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும்; இடையில் ஓடும் நேரத்துக்குச் சம்பளம் வருகிறதா என்றால் சிரிப்பார். கணவரும் பிள்ளைகளும் 2024 பங்குனிக்கு முன்னரே போய்விட்டார்கள். அதன்பின் வந்த கெயார் வேலைக்காரர் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்று சட்டம் மாறிவிட்டது. பக்கத்து நிறுவனமொன்றின் ஸ்பொன்சர் லைசென்ஸ் பறிபோய், அங்கிருந்தவர்கள் 60 நாட்களுக்குள் புது ஸ்பொன்சர் தேடி அலைந்ததைச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "ஆனா சேர், இஞ்ச என்னைத் தேடுகினம். நான் பத்து நிமிசம் பிந்தினா ஒரு ஐயா போன் அடிச்சுக் கேக்கிறார்" என்றார்.

இதைக் குத்திக்காட்டிச் சொன்னாரா, சந்தோசத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. இங்கேயும்தான் உன்னைத் தேடினார்கள், மேன்முறையீட்டு வரிசையில் ஒரு அம்மா உன்னைக் கேட்டா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பாராட்டாகவா போய்ச் சேரும், பாரமாகவா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

அவருடைய ஐந்து வருடம் 2028இல் முடிகிறது. முடிந்ததும் திரும்பி வருவதா, விலகல் கடிதம் தருவதா என்று போன மாதம் கேட்டார். விதிகளைச் சொன்னேன். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்றார். வந்தால் அதே மேசை, அதே சம்பளத் திட்டம் என்றேன். அது மட்டும் உண்மை.

அவருக்குப் பிறகும் நான் அந்த வசனத்தை எழுதினேன். இனியும் எழுதச் சொன்னால் எழுதுவேன், வேறு வழி தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் இலக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கோவையைத் தந்தார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.