டர்பனில் நான்கு நாள்

நவம்பர் 13, வியாழன்

காலை நாலே முக்காலுக்கே வெளிச்சம் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இது கோடைத் தொடக்கம். தூக்கம் கலைந்ததும் நேரே கடற்கரைக்குப் போனேன். உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து துறைமுக வாய் வரை சுமார் எட்டுக் கிலோமீட்டருக்கு நடைபாதை. அந்த நேரத்துக்கே அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு பையன்கள், ஓடுகிறவர்கள், முக்காடு போட்ட அம்மாக்கள், தூண்டில்காரர்கள். கொஞ்சம் வெயில் ஏறியதும் ஸுலு இனத்து ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். தலையில் மாட்டுக்கொம்பு வைத்த பெரிய அலங்காரம், உடம்பெல்லாம் பாசிமணி. ஒருவர் "சாவுபோனா" என்றார். வணக்கம் என்று அர்த்தமாம். "யேபோ" என்று பதில் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம்.

சுறா பயம் வேண்டாம், 1952-லேயே வலை போட்டுவிட்டார்கள் என்று உயிர்காப்பாளர் சொன்னார். தைரியமாக இறங்கினேன். நம் மெரினா மாதிரி இழுக்கிற கடல்தான், ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பு.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா மசூதிக்கும் இம்மானுவேல் பேராலயத்துக்கும் நடுவே மதரஸா ஆர்கேட் என்று ஒரு ஒடுக்கமான கடைச்சந்து. வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகைக்கு வந்த கூட்டமும் துணி, பாசிமணி வாங்க வந்த கூட்டமும் அதற்குள் கலந்து நெரிந்தன. அங்கிருந்து விக்டோரியா தெரு மார்க்கெட். மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள், மூக்கில் காரம் ஏறித் தும்மிக்கொண்டே சுற்றினேன். கொஞ்சம் தள்ளி வார்விக் சந்திப்புப் பக்கம் ஸுலு மூலிகைக் கடைகள், வேரும் பட்டையுமாகத் தரையில் பரப்பி.

மதியம் 'பன்னி சௌ' (bunny chow), இந்த ஊர்ச் சாப்பாடு. ரொட்டியைக் கால்வாசி வெட்டி, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு மட்டன் குழம்பை ஊற்றி, குடைந்த துண்டையே மூடியாக வைத்துத் தருகிறார்கள். அந்த மூடியைக் குழம்பில் தோய்த்துத் தின்று, அப்புறம் சுவரைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஸ்பூன் கேட்கக் கூடாது. அடிப்பக்க ரொட்டி குழம்பில் ஊறி உருளைக்கிழங்கோடு சேர்ந்து வரும் கடைசி இரண்டு வாய் இருக்கிறதே, அதற்காகவே நாளைக்கும் போவேன்.

நவம்பர் 15, சனி

உஷாகா போனேன். பழைய கப்பல் வடிவில் கட்டிய மீன் காட்சியகம். குழந்தைகளோடு வந்தால் ஒரு நாள் முழுக்க ஓடும்.

சாயங்காலம் தங்கியிருக்கும் வீட்டு ஆன்ட்டியோடு பேச்சு. ஊரில் கடைப் பலகைகளைப் பார்த்ததிலிருந்து கேட்க நினைத்திருந்தேன்: நாயுடு, பிள்ளை, படையாச்சி, முதலி 'மூட்லி' ஆகியிருக்கிறது. அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் காவடி எடுப்பார், ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு மறக்காமல் போவார். மெட்ராஸிலிருந்து டிரூரோ கப்பல் 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். 1911 வரை இந்தியாவிலிருந்து இப்படி வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஆன்ட்டியின் பாட்டனார் அவர்களில் ஒருவர், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

"நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கடலில் நமக்கு ஒரு துண்டுதான்," என்றார். நிறவெறிச் சட்டம் இருந்த காலம். 1989-இல் எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினார். டர்பன் கடற்கரைப் பலகை: இந்தக் குளிக்கும் இடம் வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில், ஆஃப்ரிகான்ஸில், ஸுலுவில். நான் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. கோபத்தில் ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கும் விடியற்காலையிலேயே போய்விட்டேன். டிரூரோ வந்து சேர்ந்த அதே தேதி. ஒரு பக்கம் வெள்ளை அங்கி போட்ட சபைக்காரர்கள் பாடிக்கொண்டே அலைக்குள் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு குடும்பம் வாழையிலையில் பூவும் கற்பூரமும் வைத்துக் கடலில் விட்டது. ஈர மணலில் சிங்கம் செய்துகொண்டிருந்தவர் பாட்டில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிடரியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி, இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு நல்லது, வீட்டில் எல்லோருக்கும் வேண்டும் என்றார். ராமேஸ்வரத்திலிருந்து என் ஆத்தா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தது அப்படியே கண்முன் வந்தது. அலை வரும்போதெல்லாம் பாட்டிலில் பாதி மணலாக ஏறியது. நான் முழங்கால் ஆழத்துக்குப் போய், அலை அடங்கும் இடைவெளியில் அமுக்கி, மூன்று பாட்டில் நிரப்பிக் கொடுத்தேன். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதிலும் மணல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி இறங்கினேன்.