பாட்டிலில் இருந்தது இரும்பு மட்டும்தானா?

நைனாவுக்கு வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை. பல்லாடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்துக்குப் பதிலாக இரும்பை வினையூக்கியாக, அதாவது தான் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருளாக வைத்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, "இதுக்கா இத்தினி வருஷம் படிச்ச? கடையிலயே குந்திகினு இருந்தா கிலோ கணக்குல தந்திருப்பேனே" என்றார்.

பாதி நியாயம்தான். பல்லாடியம் ஒரு கிராமே ஆயிரக்கணக்கில் விற்கிறது. பூமியின் மேலோட்டில் இரும்பு சுமார் 5 சதவீதம், பல்லாடியம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாக்குறைக்கு, மருந்து தயாரிக்க வினையூக்கியாகப் போட்ட பல்லாடியம் வாய்வழி மருந்தில் தங்கினால், அது நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டி விதி இருப்பதால் கம்பெனிகள் அதை வடித்தெடுக்கத் தனியாகச் செலவு செய்கின்றன. இரும்புக்கு அதில் வரம்பே கிடையாது.

அப்புறம் ஏன் 2010 வேதியியல் நோபல், பல்லாடியத்தை வைத்துக் கார்பனோடு கார்பனை இணைத்த ஹெக், நெகிஷி, சுசுகிக்குப் போனது? 1971லேயே கோச்சி என்ற வேதியியலாளர் இரும்பை வைத்துக் கார்பனோடு கார்பனை இணைத்துக் காட்டிவிட்டார். ஆனால் பல்லாடியம் எலக்ட்ரானை ஜோடி ஜோடியாக ஒழுங்காகக் கைமாற்றும், இரும்போ பல நேரம் ஒற்றை ஒற்றையாக மாற்றி, நடுவில் ரேடிக்கல்களை, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் துடுக்கான துண்டுகளைக் கிளப்பிவிடும், வினை எந்தப் பக்கம் ஓடும் என்று பிடிபடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பென்சீன் வளையத்தில் நைட்ரஜனை இணைக்கும் வினை. லேபில் கிடந்த பழைய பெரிக் குளோரைடை, அதாவது இரும்பு உப்பைப் போட்டேன், யீல்டு (கிடைத்த விளைபொருளின் அளவு) 80 சதவீதத்தைத் தாண்டியது. பாட்டில் தீர்ந்ததும் 99.99 சதவீதச் சுத்தமான சரக்கை வாங்கிப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை! சால்வன்ட்டை (கரைப்பானை) மாற்றி, பேஸை (காரத்தை) மாற்றி, பத்து நாள் வீண். கடைசியில் சீனியர் அக்கா 2009ல் வந்த ஒரு கட்டுரையை நீட்டினார். இரும்பால் இதே மாதிரி வினை நடக்கிறது என்று முதலில் சொன்ன வேதியியலாளர் போல்மே, புச்வால்ட் என்ற இன்னொரு வேதியியலாளரோடு சேர்ந்து, பெரிக் குளோரைடில் கலந்திருக்கும் துளியூண்டு செம்புதான் வேலை செய்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். தன் முடிவைத் தானே சந்தேகிக்க ஒரு தில் வேண்டும். சுத்தமான சரக்கில் சிட்டிகை காப்பர் ஆக்சைடைப் போட்டேன், ஓடியது.

செம்பும் மலிவுதான், உல்மன் என்ற வேதியியலாளர் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்குப் பயன்படுத்தியதுதான். அதே கசடு பல்லாடியமாக இருந்திருந்தால் 'மலிவு உலோகம்' என்ற பேச்சே பொய்யாகியிருக்கும். இப்போதெல்லாம் யாராவது இரும்பில் 90 சதவீத யீல்டு என்றால், எந்தப் பாட்டில் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நைனாவிடம் சொன்னேன். "இரும்போட செம்பு கலந்து வந்தா நமக்கு லாபம்தான, அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்க?" என்றார்.