கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று

“உங்க பிள்ளைய இதுக்குள்ள உக்கார வைப்பீங்களா சார்?”

பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றைப் பார்வையிடப் போன பொறியாளனான என்னிடம் தலைமையாசிரியை கேட்டது இந்த ஒரு கேள்விதான். “மாட்டேன் மேடம்” என்றேன். அன்று மாலையே அறிக்கையில் ‘இடிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருந்திருக்கும். அந்த நாலு மணி நேரத்தில் என்ன யோசித்தேன் என்று இன்றுவரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் பழைய பள்ளிக் கட்டடங்களை எல்லாம் பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பள்ளி. அந்த நேரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சுவர்! இரண்டடி கனத்தில் கருங்கல், சுண்ணாம்புச் சாந்து. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், எங்கும் சாயவில்லை. ஒரு வெடிப்புகூட இல்லை. கோளாறு கூரையில். பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கியது. கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது நுனியில் காப்பித்தூள் மாதிரி ஈரத் தூள் ஒட்டியிருந்தது.

சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். எப்போதோ ஒரு பராமரிப்பில் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் கட்டையின் நுனியைத் தின்றிருக்கிறது. வயதானதால் கெட்ட கட்டடம் இல்லை அது, ரிப்பேர் செய்து கெடுத்த கட்டடம். இது எனக்கு அப்போதே தெரியும். அறிக்கையில் எழுதவில்லை.

இன்னொன்று. மொத்தம் பதினொரு கட்டைகள். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி நான் குத்திப் பார்த்தது மூன்றைத்தான். அங்கே ஏணி இல்லை.

ஜேசிபி வந்த அன்று கூரை ஒரு மணி நேரத்தில் விழுந்தது. சுவருக்கு ஐந்து நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் தலைமையாசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார். “பிள்ளைங்கள உக்கார வைக்கலாமான்னுதானே சார் கேட்டேன்? இடிக்கணும்னு கேக்கலையே. கூரைய மாத்திட்டா நூலகமா வெச்சுக்கலாம்னு நெனச்சிருந்தேன்.”

இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. அவர் ஏன் சொல்ல வேண்டும்? வகுப்பறையாக வேண்டாம் என்பது ஒரு பதில், கட்டடமே வேண்டாம் என்பது வேறு பதில். பிரித்துப் பார்க்க வேண்டியது பொறியாளன்தானே.

சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. அதை இடித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்புச் சாந்து அரைத்து, பழைய முறையிலேயே பொதுப்பணித்துறை புதுப்பித்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. அது நவாபின் அரண்மனை, தலைநகரில் இருக்கிறது, நிதி கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எங்கள் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடையாது. மிச்ச எட்டுக் கட்டைகளில் ஒன்று அடுத்த மழையில் முறிந்திருந்தால்? இதெல்லாம் நிஜம்தான். ஆனால் இதில் எதையும் அந்த நாலு மணி நேரத்தில் நான் யோசிக்கவில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டேன், அதையே எழுதினேன், அவ்வளவுதான்.

அந்தக் கல் இப்போது காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்தில் கிடக்கிறது. வாசல் தலைக்கல் மட்டும் முழுசாக வந்தது. அதை வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறார்கள்.

நாளை இன்னொரு பள்ளி. அதுவும் கருங்கல், அதே மெட்ராஸ் டெரஸ். வண்டியில் ஏணியை ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.