லாகோஸ் ஆளுநர் மின்சார அமைச்சரானபோது

நைஜீரியாவின் பாபதுண்டே ஃபஷோலா தொழிலால் வக்கீல். 2007 முதல் 2015 வரை லாகோஸ் மாநில ஆளுநர். அங்கே அது நியமனப் பதவி இல்லை, ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும்.

2008-இல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வந்தது. 2014 ஜூலையில் விமானத்தில் வந்த ஒரு பயணியோடு எபோலாவும் வந்து இறங்கியது. அவ்வளவு நெரிசலான ஊரில் தொடர்பில் இருந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. (பாதிப் பெருமை டாக்டர்களுக்கும் மத்திய அரசுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்புறம் 2015-இல் மத்திய அமைச்சர். மின்சாரம், பொதுப்பணி, வீட்டுவசதி மூன்றையும் ஒரே ஆள் தலையில் கட்டினார்கள். மின்சாரத்தில் கெட்ட பேர்தான் மிச்சம், ஜெனரேட்டர் சத்தம் ஓயவே இல்லை. 2019-இல் அந்தத் துறையைப் பிரித்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், ஆள் தேறியது சாலையிலும் பாலத்திலும்தான். ஒனிட்ஷா பக்கம் நைஜர் ஆற்றின் இரண்டாவது பாலத்தை 2023 மே மாதம் திறந்தபோது பொதுப்பணி அமைச்சர் இவர்தான்.