வெள்ளம் வடிஞ்ச பிறகு திருகோணமலை சாம்பல்தீவுப் பாலத்தடி

ரெண்டு கிழமையா தூண்டில் தொடல்ல. இண்டைக்கு விடிய, கடல் வத்துற நேரம், ஃபிளை றொட்டோட (லைனை முன்னுக்கும் பின்னுக்கும் வீசித் தூண்டில் போடுற தடி) இறங்கினன். தண்ணி இன்னும் பால்தேத்தண்ணி நிறம்தான், கண்டல் கொப்பெல்லாம் ஷொப்பிங் பேக், அதுக்குள்ள ஒரு ஒத்தைச் செருப்பு என்ர நெஞ்சு உயரத்தில தொங்குது, எவ்வளவு ஏறியிருக்கெண்டு அதப் பாத்தாலே விளங்குது.

மழைத்தண்ணி பாரம் குறைவு, மேலால ஓடும், உப்புத்தண்ணி அடியில கிடக்கும், மீனும் அங்கதான், அதால மிதக்கிற லைனக் கழட்டிட்டு தாழுற லைன் போட்டன், கலங்கல்ல நிழலாவது தெரியட்டுமெண்டு கறுப்பு ஃபிளை (தூண்டில்ல மயிர் கட்டின பொய் இரை). வீட்ட நானே கட்டினது, ஆட்டு வால் மயிர் (வாசம் இன்னும் போகல்ல).

பக்கத்தில தங்கூசியும் றாலுமா நிண்ட ஐயா கேட்டார், "தம்பி, என்ன மாட்டுக்கு சவுக்கா வீசுறீங்க?"

ரெண்டு தரம் பின்வீச்சு கண்டல்ல சிக்கி, ஒரு ஃபிளை போயே போச்சு. பிறகு பாலத்துத் தூணடியில, ஓடுற தண்ணியும் நிக்கிற தண்ணியும் சேருற கோட்டில, டக்கெண்டு இழுவை. உள்ளங்கையளவு செப்பலி! திருப்பி விட்டுட்டன். ஐயாக்கு வந்த கோவம் இருக்கே, "சொதிக்காவது காணுமேடா!"

அவர்ர வாளியில அப்பவே மூண்டு கொடுவா.